கத்திரி வெயிலில் ஒரு தடைப்பாதை: செட்டிநாட்டு விடுமுறைக் குறிப்புகள்

வியாழன் இரவு, பள்ளத்தூர்

பல்லவன் விரைவு ரயிலில் காரைக்குடிக்கு வந்து, அங்கிருந்து அண்ணனின் காரில் பள்ளத்தூர் வீட்டை அடைந்தபோது இரவு வெகு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் ஆயா (பாட்டி) விரித்து வைத்திருந்த பாயில் படுத்த உடனே உறங்கிவிட்டார்கள்.

செட்டிநாட்டுப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வீடுகளைப் பற்றியும் விருந்தைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவை இரண்டும் எனக்கும் மிகப் பிடித்தமானவைதாம். ஆனால், பிள்ளைகளோடு மே மாதத்தில் ஊருக்கு வருகிற எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த ஒரு நிலைமை உண்டு: காலை 11 மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது, மாலை 5 மணி வரை பிள்ளைகள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், தூணுக்கு ஒருவராகச் சாய்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதே நேரத்தில் தோட்டக் கிணற்றில் கிடந்தோம். இன்று அந்தக் கிணற்றில் மே மாதத்தில் தண்ணீர் இல்லை.

காரைக்குடிக்கு வெளியே பழைய நெல் கிடங்கு ஒன்றை உள்ளரங்கத் தடைப்பாதையாக மாற்றியிருக்கிறார்கள் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்ன அன்றே இந்த விடுமுறையை எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஏறுவது, தொங்குவது, தாவுவது, சமநிலை காத்து நடப்பது ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை தரையைத் தொடாமல் கடக்கச் சொல்லும் விளையாட்டு அது. பிள்ளைகள் அதை நிஞ்ஜா கோர்ஸ் என்கிறார்கள். நாளை காலை போகிறோம்.

வெள்ளி, காரைக்குடி

புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அண்ணமிண்டி (அண்ணனின் மனைவி) எல்லோருக்கும் வெள்ளைப் பணியாரம் கொடுத்து, மீதியைத் தூக்கில் கட்டிவிட்டார்கள். வயிறு நிறைந்திருக்கும்போது தலைகீழாகத் தொங்கக் கூடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கிடங்கின் உயரம் நெல் மூட்டைகளை அடுக்குவதற்காக அமைந்தது; அந்த உயரமே இப்போது பயன்படுகிறது. தகரக் கூரையின் உட்புறம் வெப்பத்தைத் தடுக்கும் பலகை அடித்து, இரு பக்கச் சுவர்களிலும் பெரிய காற்றுப்போக்கி விசிறிகள் வைத்திருக்கிறார்கள். வெளியே அனல் பறந்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே வியர்வை சிந்தி விளையாட முடிந்தது. நான் முதலில் பார்த்தது தரையைத்தான். மெத்தைகளுக்கு இடையே கால் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. இரும்புத் தூண்கள் அனைத்திலும் தடித்த உறை சுற்றியிருந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எவரும் தடைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படிவத்தில் கையெழுத்திட்ட பின், தேவகோட்டையைச் சேர்ந்த இளம் பயிற்றுநர் எங்கள் ஒவ்வொருவரின் கைகளையும் பார்த்தார். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், ஜிமிக்கி எதுவும் கூடாது. கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது மோதிரம் எங்காவது மாட்டிக்கொண்டால் முழு உடல் எடையும் அந்த ஒற்றை விரலில் இறங்கி, தோலையும் சதையையும் உரித்துவிடும் என்பதை அவர் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொன்னார். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டு, மேலே இறுக்கமான பனியனை அணிந்துகொள்ளச் சொன்னார். மெட்டிக்கு மேல் பிடிப்புள்ள காலுறை போட்டுக்கொண்டேன். பிறகு மணிக்கட்டு, தோள், கணுக்கால் மூன்றையும் பத்து நிமிடம் சுழற்றித் தளர்த்திய பின்புதான் பாதைக்குள் விட்டார்.

தொடக்கத்தில் இடமும் வலமுமாகச் சாய்ந்து நிற்கும் படிகள். அவற்றில் நின்று யோசிக்க இடமில்லை. ஒன்றில் ஊன்றிய கால் வழுக்குவதற்குள் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அதன் பின் குறுகலான சமநிலைக் கட்டை, கயிற்று வலை, இணையாக நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே கைகளாலும் கால்களாலும் அழுத்திக்கொண்டு நகரும் இடம். இவற்றை எல்லோருமே ஓரளவு எளிதில் கடந்தோம். சமநிலைக் கட்டையில் காலைப் பார்க்காமல் கட்டையின் மறுமுனையைப் பார்த்து நடந்தால் உடல் ஆடுவது குறைகிறது என்பதை என் மகள் யாரும் சொல்லாமலே கண்டுகொண்டாள்.

மங்கி பார் வந்ததும் நிலைமை மாறியது. தலைக்கு மேல் ஏணியைக் கிடையாக வைத்ததுபோல் வரிசையாகக் கம்பிகள், கீழே மெத்தை. இரும்புக் கடையில் நாள் முழுவதும் பாரம் தூக்கிப் பழகிய என் அண்ணன் பாதி வழியில் கை நழுவி மெத்தையில் இறங்கினார். அவருக்குப் பின்னால் வந்த எட்டு வயது மகன் கடைசிக் கம்பி வரை போய்விட்டான். போனதோடு நில்லாமல், "அம்மான், கையால இழுக்காதீங்க, காலை ஆட்டுங்க" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. பயிற்றுநர் அதையே விரிவாக விளக்கினார். முழங்கையை மடக்கிக்கொண்டு தோள் வலிமையால் நகர முயன்றால் ஒவ்வொரு கம்பியிலும் உடலைப் புதிதாகத் தூக்க வேண்டியிருக்கும். கையை நீட்டி, கட்டை விரலைக் கம்பியைச் சுற்றிப் போட்டு, இடுப்பிலிருந்து ஊஞ்சலாட்டம் எடுத்தால் உடல் முன்னே போய் உச்சியில் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் கையின் மீது விழும் பாரம் மிகவும் குறைவு. அப்போதுதான் அடுத்த கம்பிக்குக் கையை மாற்ற வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு கை மாற்ற நினைப்பவர் தன் முழு எடையையும் ஒற்றைக் கையில் சுமக்க நேரும்.

சிறுவர்கள் இதில் பெரியவர்களை எளிதில் வெல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ கன அளவைப் பொறுத்தது. உயரம் கூடக்கூட எடை வலிமையைவிட வேகமாகக் கூடுகிறது. அதனால் ஒரு சிறுவன் தன் எடையைத் தாங்குவதற்குத் தேவையான வலிமை பெரியவருக்குத் தேவையானதைவிட ஒப்பீட்டளவில் குறைவு. விடுமுறையில் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகளில் பெரும்பாலும் பெரியவர்கள் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் என்னை இந்த விளையாட்டின் பக்கம் முழுமையாக ஈர்த்தது.

மகளுக்கு இன்று கடினமாக இருந்தது கயிற்று ஊஞ்சல். மேடையிலிருந்து கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஸ்பாஞ்ச் கட்டிகள் நிரம்பிய குழியின் மேலே ஆடி, எதிர் மேடையில் இறங்க வேண்டும். அவள் கயிற்றைப் பிடித்தாள், விட்டாள், மீண்டும் பிடித்தாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பயிற்றுநர் வேறு தடைக்கு அனுப்பிவிட்டு, அவளிடம் எதிர் மேடையைப் பற்றியே பேசவில்லை. குழியில் எப்படி விழுவது என்பதை மட்டும் சொன்னார்: தலை முன்னே போகக் கூடாது, பாய்ந்து குதிக்கக் கூடாது, முழங்காலைச் சற்று மடக்கி உட்கார்ந்த நிலையில் விழ வேண்டும், கைகளைப் பின்னால் ஊன்றாமல் மார்பின் மீது கட்டிக்கொள்ள வேண்டும். "முதல்ல விழுந்து பாருப்பா. தாண்டுறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவள் மேடையின் விளிம்பிலிருந்து அப்படியே குழிக்குள் இறங்கி, ஸ்பாஞ்ச் கட்டிகளை விலக்கிக்கொண்டு மேலே வந்தாள். அடுத்ததாகக் கயிற்றைப் பிடித்தபோது தயங்கவில்லை. எதிர் மேடையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தூக்கு காலியாகிவிட்டது.

சனி, ஆத்தங்குடி

காலையில் எழுந்தபோது முன்கைகளும் தோள்பட்டையின் பின்புறமும் நன்றாக வலித்தன. பழக்கமில்லாத வேலை செய்த தசைகளில் இப்படிப்பட்ட வலி மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் தானாக அடங்கிவிடும். மூட்டில் குத்துவதுபோல் வலித்தால்தான் கவலைப்பட வேண்டும். எனவே இன்றைக்குப் பாதைக்குப் போகாமல் ஓய்வு என்று தீர்மானித்து, ஆத்தங்குடிக்குத் தரைக்கல் செய்யுமிடத்தைப் பார்க்கப் போனோம்.

அங்கே நான் பார்த்ததும் கைகளைத்தான். ஒரு பெரியவர் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு அறையிலும் சாயச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றினார். அச்சை நேராக மேலே தூக்கி எடுத்தார். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அதன் மீது காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவையைக் கொட்டி, கரணையால் அழுத்தி மட்டமாக்கினார். அந்த அழுத்தத்தின்போது அவருடைய முன்கையில், முழங்கைக்குக் கீழே, தசை கயிறாகப் புடைத்து எழுந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். விரல்களை மடக்கும் வலிமையான தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன, நீண்ட தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. நேற்று கம்பியில் தொங்கியது விரல்கள். இன்று வலிப்பது முன்கை. இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது அந்தத் தசைக்குள் இரத்த ஓட்டம் தடைப்படுவதால்தான் பிடி திடீரென்று தளர்கிறது. ஆகவே, தடைகளுக்கு நடுவே மேடை கிடைக்கும் இடத்தில் கைகளைத் தொங்கவிட்டு உதறிவிட்டுப் போவது நேரத்தை வீணாக்குவதாகாது.

"தம்பி, எந்தக் கம்பில தொங்குவாக?" என்று அந்தப் பெரியவர் என் மகனைப் பார்த்து விசாரித்தார். அவன் விளக்கமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் இளவயதில் இளவட்டக்கல் தூக்கியதைப் பற்றிப் பேசினார். வழுக்கு மரம், இளவட்டக்கல், தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு என்று உடலின் திறனைப் பொது இடத்தில் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இந்த மண்ணில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் அவை பெரும்பாலும் இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு உரியவையாக இருந்தன. என் மகளும் நானும் அண்ணமிண்டியும் ஒரே வரிசையில் நின்று ஏற முடிந்தது என்பதைத் தடைப்பாதையின் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்.

பிற்பகலில் மகள் இதன் வரலாற்றைக் கேட்டாள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், நடத்தல், ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், சமநிலை காத்தல், தூக்குதல், எறிதல், நீந்துதல் போன்ற இயல்பான அசைவுகளைக் கொண்டே உடற்பயிற்சி முறை ஒன்றை வகுத்தார். பிறருக்குப் பயன்படுவதற்காகவே ஒருவர் வலிமை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. படைவீரர்களுக்கான தடைப்பாதைப் பயிற்சியிலும், வழியிலுள்ள தடைகளை ஓடியும் தாவியும் ஏறியும் கடக்கும், பின்னாளில் தோன்றிய பார்க்கூரிலும் அவருடைய செல்வாக்கு உண்டு. இன்றைய நிஞ்ஜா வடிவம் பரவியது 1997இல் ஜப்பானில் தொடங்கிய சசுக்கே என்னும் தொலைக்காட்சிப் போட்டியின் மூலம். 100 போட்டியாளர்கள் நான்கு கட்டங்களைக் கடக்க முயலும் அந்தப் போட்டியில், எவருமே நான்கையும் கடக்காமல் முடிந்த பதிப்புகள்தாம் அதிகம். இப்போது இது ஒலிம்பிக் வரை போயிருக்கிறது: 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் நவீன ஐந்திறப் போட்டியின் (மாடர்ன் பென்டத்லான்) ஒரு பகுதியாக, குதிரையேற்றத்தின் இடத்தில் தடைப்பாதை வருகிறது. இதைக் கேட்டதும் என் மகள் 2028இல் தனக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போடத் தொடங்கினாள்.

ஞாயிறு, காரைக்குடி

விடியற்காலையில் குன்றக்குடி மலைப்படி ஏறி முருகனை வணங்கிவிட்டு, கூட்டம் சேர்வதற்கு முன்பே கிடங்குக்குப் போய்விட்டோம். இம்முறை ஆயாவும் உடன் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 10 மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடுகிறது. ஒரு தடையில் ஒருவர் என்ற விதியைப் பயிற்றுநர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதால் காத்திருப்பும் கூடுகிறது. அந்தக் கண்டிப்பு தேவையானது. குழியில் ஒருவர் வெளியேறுவதற்குள் மற்றொருவர் குதித்தால் இருவருக்குமே அடிபடலாம்.

இன்று நாங்கள் பாதையின் முடிவிலுள்ள வளைந்த சுவருக்கு நேரம் ஒதுக்கினோம். தரையிலிருந்து வளைந்து எழுந்து, உச்சியில் செங்குத்தாக நிற்கும் சுவர் அது. தொலைக்காட்சிப் போட்டிகளில் 14 அடிக்குக் குறையாமல் இருக்கும். இங்கே சிறுவர்களுக்கு ஒன்றும் பெரியவர்களுக்கு ஒன்றுமாகத் தாழ்வாக அமைத்திருக்கிறார்கள். ஓடி வந்து சுவரில் மூன்று நான்கு எட்டு வைத்து, வேகம் தீர்வதற்குள் கையை வீசி விளிம்பைப் பற்ற வேண்டும். சுவரை நெருங்கியதும் எல்லோருக்குமே வேகத்தைக் குறைக்கத் தோன்றுகிறது. குறைத்தால் நடுவில் நின்று வழுக்கிவிடுகிறோம். எட்டுகளைக் குறுக்கி, பாதத்தின் முன்பகுதியை அழுத்தி ஊன்றி, பார்வையை விளிம்பிலேயே வைத்து, கடைசி எட்டை மேல்நோக்கித் தள்ள வேண்டும் என்றார் பயிற்றுநர். "அக்கா, சுவத்துக்கிட்ட வந்து ஓட்டத்தை விட்டுறாதீங்க. அது பாட்டுக்கு மேல தூக்கிரும்" என்று ஒவ்வொரு முறையும் அருகிலேயே நின்று சொன்னார்.

அண்ணமிண்டி முதலில் ஏறினார்கள். அடுத்து மகள். எனக்கு விரல் நுனி விளிம்பில் பட்டுப் பட்டு நழுவியது; பிறகு ஒரு முறை நான்கு விரல்களும் மடங்கிப் பிடித்துக்கொண்டன. முழங்கையை விளிம்பின் மேல் போட்டு, வயிற்றை இழுத்து மேலே ஏறி உட்கார்ந்தபோது கிடங்கு முழுவதும் கீழே தெரிந்தது. அந்த மகிழ்ச்சியை நான் எந்த அரண்மனையையும் சுற்றிப் பார்த்து அடைந்ததில்லை.

ஆயா இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறு குழந்தைகளுக்கான பகுதியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஓரளவு அகலமான கட்டை ஒன்று இருக்கிறது. பயிற்றுநரின் அனுமதியோடு, மகன் ஒரு பக்கமும் அண்ணன் மறுபக்கமும் கையைக் கொடுக்க, அவர்கள் அதில் நடந்தார்கள். பாதி வழியில் அண்ணனின் கையை விட்டுவிட்டார்கள். வயது கூடும்போது தடுமாறி விழுவதுதான் பெரும் ஆபத்து. சமநிலைப் பயிற்சி அந்த ஆபத்தைக் குறைக்கிறது என்று முதியோர் மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தடைப்பாதை நடத்துவோர் முதியவர்களுக்கென்று கைப்பிடியோடு ஒரு தாழ்ந்த பாதையைச் சேர்த்து, அதற்கென்று காலை நேரத்தையும் ஒதுக்க வேண்டும் என்று நான் அங்கேயே உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டேன். செய்யலாம் என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். முழங்காலை மறைக்கும், உடலோடு ஒட்டிய பருத்தி உடை போதும். சுடிதாரின் துப்பட்டாவும் தொளதொளப்பான பையும் கூடாது. நகத்தை முன்தினமே வெட்டிவிட வேண்டும். உள்ளங்கைத் தோல் சிவந்து சுடத் தொடங்கினால் கொப்புளம் வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தோள் மூட்டு இடம் பெயர்ந்த அனுபவம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தொங்கும் தடைகளில் ஏறக் கூடாது. உள்ளே இருந்தாலும் இது மே மாதம். மோரில் உப்பு போட்டு எடுத்துப் போவது நல்லது.

திங்கள், பள்ளத்தூர்

மகனும் மகளும் இன்று காலையிலிருந்து வீட்டில் தொங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கட்டின் கல்தூண்களுக்கு இடையே இரும்புக் குழாய் பொருத்தலாம் என்று அண்ணன் முதலில் நினைத்தார். கொத்தனாரை வரவழைத்துக் கேட்டபோது அவர் உடனே மறுத்துவிட்டார். தூணில் துளை போட்டால் கல் விரிசல் விடும். மேலேயுள்ள பர்மாத் தேக்கு உத்தரத்தில் கொக்கி அடித்தால், இத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்ற மரத்தை நாமே பிளப்பதாகும் என்றார். அவர் சொன்னது நியாயம்.

எனவே கொல்லையில், வேப்பமர நிழலில், இரண்டு இரும்புக் குழாய்களைத் தரையில் இரண்டரை அடி ஆழத்துக்கு ஊன்றிக் கான்கிரீட் போட்டு, மேலே குறுக்குக் கம்பியை வெல்டிங் செய்வது என்று முடிவாகியிருக்கிறது. மகன் நின்று கையை உயர்த்தினால் எட்டாத, அண்ணன் கையை உயர்த்தினால் எட்டும் உயரம். கீழே ஓரடி ஆழத்துக்குச் சலித்த மணல் நிரப்ப வேண்டும். வெயிலில் கம்பி சுடாமலிருக்க அதன் மேல் சணல் கயிற்றை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். கம்பி அண்ணன் கடையிலிருந்தே வருகிறது. பள்ளம் தோண்ட நாளைக் காலை ஆள் வருகிறார். கான்கிரீட் இறுக ஒரு வாரமாவது விட வேண்டும் என்று கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அதற்குள் ஊர் திரும்பிவிடும் பிள்ளைகள் அதில் தொங்குவது ஆயுத பூஜை விடுமுறையில்தான்.